ஒரு டைமின் பின்னால்: அறுபதுகளின் கடைசியில் அமெரிக்கா

1964 வரை அடித்த அமெரிக்கப் பத்து சென்ட் நாணயத்தை மேஜைமேல் சுண்டிப் போட்டால் கணீரென்று கொஞ்ச நேரம் ஒலிக்கும். 1965 என்று பொறித்ததைப் போட்டால் 'டக்' என்று விழுந்து அடங்கிவிடும். முன்னதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. பின்னதில் நடுவே செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு. விளிம்பைப் பார்த்தாலே செம்புக் கோடு பல்லிளிக்கும். அமெரிக்கர்கள் இந்த நாணயத்தை 'டைம்' என்பார்கள். அறுபதுகளின் கடைசியில் அந்த நாட்டில் அன்றாடப் பிழைப்பு எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள, விலைப்பட்டியலைப் படிப்பதைவிட இந்த ஒரு காசின் பின்னாலேயே போவது மேல் என்பது என் கட்சி.

ஏனென்றால் விலைப்பட்டியல்கள் பாதிதான் சொல்லும். "1968: பெட்ரோல் கேலன் 34 சென்ட், ரொட்டி 22 சென்ட், சினிமா டிக்கெட் 1.31 டாலர்" என்று இணையத்தில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எண்களில் தப்பில்லை. ஆனால் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்காது. இருந்தாலும், யாருடைய சம்பளம் என்று இருக்காது.

1968 பிப்ரவரியில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர் ஆனது. நிமிடத்துக்கு 2.67 சென்ட். இந்தக் கணக்கில் ஒரு டைம் சம்பாதிக்க நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரொட்டிக்கு எட்டு நிமிடம், ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பதின்மூன்று நிமிடம், சினிமாவுக்கு ஐம்பது நிமிடம். 400 டாலர் கலர் டிவிக்கு 250 மணி நேரம், அதாவது வாரம் 40 மணி வீதம் ஆறு வாரத்துக்கும் மேல், சாப்பிடாமல் வாடகை கொடுக்காமல் உழைக்க வேண்டும். அதே காலத்தில் நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8,600 டாலர் அளவில், புது வீட்டின் நடுத்தர விலை 24,700 டாலர். மூன்று வருட வருமானத்துக்குள் வீடு. தலைக்குமேல் கூரை மலிவு, கூரைக்குக் கீழே வைக்கும் மின்சாமான் யானை விலை. இன்றைய நிலைமைக்கு நேர் தலைகீழ்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 1.60 எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1966-இல் திருத்திய சட்டம்தான் ஹோட்டல், உணவகம், சலவை நிலையம், மருத்துவமனைத் தொழிலாளர்களை முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலிக்குள் கொண்டுவந்தது. ஆனால் படிப்படியாக: 1967-இல் மணிக்கு 1 டாலர், 1968-இல் 1.15. பண்ணைத் தொழிலாளிக்கும் 1968-இல் 1.15தான், அதுவும் பெரிய பண்ணையாக இருந்தால். பாத்திரம் கழுவுகிறவருக்கு அந்த ரொட்டி எட்டு நிமிடமில்லை, பதினொன்றரை நிமிடம். 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விடும் பட்டியல் எதிலும் இந்த மூன்றரை நிமிடத்தைப் பார்க்க முடியாது.

ரூபாயில் மாற்றிப் பார்ப்பதும் வீண் வேலை. 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்த பிறகு டாலர் 7.50 ரூபாய். 1968-இல் அண்ணா யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோதும், அதே வருடம் பிற்பகுதியில் சிகிச்சைக்காக நியூயார்க் போனபோதும் அதே விகிதம்தான். ஆனால் அங்கே வாழ்ந்தவர் சம்பாதித்ததும் செலவழித்ததும் டாலரில். மாற்று விகிதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்குத்தான் முக்கியம்.

சரி, டைமுக்கு வருவோம். அதிலிருந்த வெள்ளி ஏன் போனது? உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறாதபடி, அமெரிக்கக் கருவூலம் தன் கையிருப்பை அவுன்ஸ் 1.29 டாலருக்கு விற்றுக்கொண்டே இருந்தது. பழைய டைமில் உள்ள வெள்ளி 0.0723 அவுன்ஸ். வெள்ளி 1.38 டாலரைத் தாண்டினால் நாணயத்தைவிட உருக்கிய வெள்ளிக்கு மதிப்பு கூடிவிடும். கையிருப்பு கரைவது தெரிந்ததும் 1965-இல் நாணயச் சட்டம் வந்தது. டைமிலும் கால் டாலரிலும் வெள்ளி அறவே போனது. அரை டாலரில் மட்டும் 40 சதவீதம் 1970 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

புது உலோகத்தைத் தேர்ந்தெடுத்ததில் சுவாரசியமான சங்கதி ஒன்று. மலிவாக, வெள்ளை நிறமாக இருந்தால் மட்டும் போதாது. நாடு முழுக்க தானியங்கி விற்பனை இயந்திரங்கள். கள்ளக் காசைக் கண்டுபிடிக்க அவை காசை ஒரு காந்தத்தின் அருகே உருட்டிவிடும். உலோகத்தில் மின்சாரம் ஓடும் திறனைப் பொறுத்துக் காசின் வேகம் குறையும். மெதுவானது ஒரு வழியில் விழும், வேகமானது இன்னொரு வழியில் வெளியே வந்துவிடும். வெள்ளிக்கு ஈடாக மின்சாரம் கடத்துவது செம்பு. அதனால்தான் நடுவில் செம்பு வைத்த இந்த சாண்ட்விச். பழைய காசு, புதுக் காசு இரண்டையும் ஒரே இயந்திரம் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது.

மனிதர்கள் அப்படி ஏமாறவில்லை. கெட்ட காசு நல்ல காசைத் துரத்தும் என்பது பழைய பாடம். சில்லறையைப் பிரித்து வெள்ளியை ஜாடியில் போடுவது வீட்டுக்கு வீடு நடந்தது. சேகரிப்பவர்கள் பதுக்காமலிருக்க 1965 முதல் 1967 வரை, எந்த நாணயசாலை அடித்தது என்று காட்டும் குறியீட்டையே பொறிக்காமல் விட்டார்கள். 1967 மே மாதம் வெள்ளிக் காசை உருக்கத் தடை போட்டார்கள், 1969 மே மாதம் விலக்கினார்கள். 1968 நடுவில் வெள்ளி இரண்டரை டாலரைத் தொட்டபோது ஒரு பழைய டைமின் வெள்ளி மட்டும் 18 சென்ட் பெறும். கடைசியில் கல்லாப்பெட்டிகளில் செம்புக்கோடுதான் மிச்சம்.

இந்த டைமுக்கு என்ன கிடைத்தது? காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் ஒரு பாட்டு (கால் டாலர் போட்டால் பல இடங்களில் மூன்று). பொதுத் தொலைபேசியில் ஓர் உள்ளூர் அழைப்பு.

அந்தத் தொலைபேசியின் வேலைப்பாட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. பெட்டியின் தலையில் மூன்று துளைகள்: 5, 10, 25 சென்ட்டுக்கு. உள்ளே மணிகள். ஐந்து சென்ட் விழுந்தால் ஒரு 'டிங்', டைம் விழுந்தால் இரண்டு 'டிங்', கால் டாலருக்குக் கனத்த ஒரே 'டாங்'. வெளியூர் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டர் தொகையைச் சொல்வார், நீங்கள் ஒவ்வொன்றாகப் போட வேண்டும், அவர் காதாலேயே எண்ணுவார். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து மறுபடி கேட்பார். அவசரப்பட்டு எல்லாக் காசையும் சேர்த்துப் போட்டால் மணியோசை ஒன்றோடொன்று குழம்பி, திருப்பிக் கொடுத்து மறுபடி போடச் சொல்வார்.

பெரிய குறை ஒன்று இருந்தது. பெரும்பாலான பெட்டிகளில் காசு போட்டால்தான் டயல் டோனே வரும். நெஞ்சுவலி வந்தவரானாலும் கையில் டைம் இல்லையென்றால் ஆபரேட்டரைக்கூடக் கூப்பிட முடியாது. 911 என்ற அவசர எண்ணின் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்ற சிற்றூரில் நடந்தது. எண் வந்தாலும், காசில்லாமல் டயல் டோன் தரும் பெட்டிகள் ஊர் ஊராகப் போய்ச் சேர வருடங்கள் பிடித்தன.

வெளியூர் அழைப்பு பணக்காரப் பழக்கம். பகல் கட்டணத்தில் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மூன்று நிமிடம் 1.70 டாலர் அளவில். குறைந்தபட்சக் கூலிக்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைப்பு. எனவே மாலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் காத்திருந்தார்கள். இதற்கென்று ஒரு தில்லுமுல்லும் பரவலாக இருந்தது. குறிப்பிட்ட ஆளோடு மட்டும் பேச வேண்டும் என்று ஆபரேட்டர் மூலம் கேட்டால், அந்த ஆள் இல்லாத பட்சத்தில் கட்டணம் கிடையாது. ஊர் போய்ச் சேர்ந்த பிள்ளை, வீட்டில் இல்லவே இல்லாத ஒரு பெயரைக் கேட்பான். "அவர் இல்லையே" என்று அம்மா சொல்லி வைத்துவிடுவார். பத்திரமாகச் சேர்ந்தாயிற்று என்று செய்தி போய்விட்டது, செலவு பூஜ்யம். நம் ஊர் மிஸ்டு காலுக்கு முப்பாட்டன்.

வீட்டுத் தொலைபேசி வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் கருவி, மாத வாடகை. இரண்டாவது கருவி வேண்டுமென்றால் அதற்குத் தனி வாடகை. திருட்டுத்தனமாக இன்னொன்றை மாட்டினால், மணி அடிக்கப் பிடிக்கும் மின்னோட்டத்தை அளந்து அலுவலகத்திலிருந்தே எத்தனை மணி இருக்கிறதென்று கணக்குப் போட முடியும். விவரம் தெரிந்தவர்கள் மணிக்கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டினார்கள். அடுத்தவர் தயாரித்த கருவியையும் இணைக்கலாம் என்று 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன தீர்ப்புதான் இந்தக் கோட்டையில் விழுந்த முதல் பெரிய விரிசல்.

டைமுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பத்து சென்ட்டுக்குப் பொருள் வாங்கினால் ஒரு பச்சை ஸ்டாம்ப். ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற நிறுவனத்தின் கைவேலை. தபால்தலை மாதிரி, பின்னால் பசை. கல்லாவில் டயலைச் சுழற்றினால் பட்டையாக வரும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு புத்தகத்தில் ஒட்ட வேண்டும்: 24 பக்கம், பக்கத்துக்கு 50 புள்ளி, மொத்தம் 1,200. ஒன்று, பத்து, ஐம்பது என்று மூன்று மதிப்பில் ஸ்டாம்ப் உண்டு. ஐம்பது என்றால் ஒன்றே ஒரு பக்கத்துக்குப் போதும், ஒற்றை ஸ்டாம்பு என்றால் ஐம்பதும் ஒட்டியாக வேண்டும்.

புத்தகம் நிறைய 120 டாலருக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். வாரம் 25 டாலர் மளிகை வாங்கும் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஐந்து வாரம். நிறைந்த புத்தகத்துக்கு மூன்று டாலர் அளவில் சாமான் கிடைக்கும்: ஸ்டாம்ப் நிறுவனத்தின் சொந்தக் கடையில், பட்டியலைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டிக்கு இத்தனை புத்தகம், விளக்குக்கு இத்தனை புத்தகம் என்று எண்ணிக் கொடுத்து வாங்க வேண்டும். நாக்கால் நக்கி ஒட்டினால் முப்பதாவது ஸ்டாம்பில் வாய் கசந்துபோகும். சாசரில் ஈர ஸ்பாஞ்சு வைத்து அதில் ஒற்றி ஒட்டுவதே வழக்கம். தண்ணீர் அதிகமானால் பக்கம் சுருங்கி அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், மழைக்கால ஈரத்தில் ஒட்டாத ஸ்டாம்பெல்லாம் இழுப்பறைக்குள்ளேயே ஒன்றாகிவிடும். இன்னொரு கடை இன்னொரு நிறுவன ஸ்டாம்ப் தரும், கலிஃபோர்னியாவில் புளூ சிப் போல. ஒன்றின் புத்தகத்தில் மற்றதை ஒட்ட முடியாது. ஆகவே ஒரே கடைக்கு விசுவாசம். அதுதான் குறி.

இலவசமா? கடைக்காரர் விற்பனையில் இரண்டு சதவீதம் போல ஸ்டாம்ப் நிறுவனத்துக்குக் கொடுத்தார். பக்கத்துக் கடையில் ஸ்டாம்ப் இல்லாதவரை கூட்டம் இவரிடம் வரும், செலவு அதில் ஈடாகிவிடும். எல்லாக் கடையும் ஸ்டாம்ப் கொடுக்கத் தொடங்கியதும் யாருக்கும் கூடுதல் கூட்டமில்லை. இரண்டு சதவீதம் விலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1966 அக்டோபரில் டென்வர் நகரத்து இல்லத்தரசிகள் விலையேற்றத்தை எதிர்த்து சூப்பர்மார்க்கெட்டுகளைப் புறக்கணித்தபோது, "ஸ்டாம்பும் வேண்டாம், பரிசுப் போட்டியும் வேண்டாம், விலையைக் குறை" என்பதும் கோரிக்கையில் ஒன்று. புறக்கணிப்பு நாடெங்கும் பரவியது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை சதவீதமாக இருந்த விலையேற்றம் 1968-இல் 4 சதவீதத்தையும் 1969-இல் 5 சதவீதத்தையும் தாண்டியது. வியட்நாம் போருக்கும் உள்நாட்டு நலத்திட்டங்களுக்கும் சேர்த்துச் செலவழித்த அரசு, 1968 ஜூனில் வருமான வரியின்மேல் பத்து சதவீதக் கூடுதல் வரி போட்டது. அது வருமானத்தில் பத்து சதவீதமில்லை. கட்ட வேண்டிய வரி 1,000 டாலர் என்றால் மேலே 100. ஏப்ரலிலிருந்து கணக்கு என்பதால் தனிநபருக்கு 1968-ஆம் வருடம் மட்டும் அது 7.5 சதவீதமாக நின்றது.

பொழுதுபோக்கு என்றால் டிவிதான். 1966 இலையுதிர்காலத்திலிருந்து மூன்று பெரிய நிறுவனங்களும் இரவு நிகழ்ச்சிகளைக் கலரில் கொடுத்தன. பெட்டிக்குள்ளே இன்னும் வால்வுகள், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழாய்கள். வால்வு கெடுவது மாதாந்திரச் சடங்கு. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வீட்டுக்கு வருவதற்கே கூலி. அதனால் மருந்துக்கடையில் வால்வு சோதிக்கும் இயந்திரம் நின்றது. ஆம், மருந்துக்கடையில்தான்.

முறை இதுதான். மின்கம்பியைப் பிடுங்கு. முதுகு அட்டையைக் கழற்று. கழற்றும்போதே மின்இணைப்பும் சேர்ந்து வந்துவிடும்படி செய்திருப்பார்கள். ஆறவிடு, வால்வு விரலைப் பொசுக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் வரைபடத்தில் எந்தக் குழியில் எந்த எண் என்று இருக்கும், அது கிழிந்திருந்தால் நீயே எழுதிக்கொள். மெல்ல ஆட்டி நேராக மேலே தூக்கு, சாய்த்தால் ஊசிக்கால் வளையும். கண்ணாடிமேல் அச்சிட்ட எண்ணைத் துணியால் துடைக்காதே, தூசியோடு எண்ணும் போய்விடும். பிறகு அது என்ன வால்வு என்று கடவுளுக்குத்தான் தெரியும். படக்குழாய்க்குப் போகும் தடித்த கம்பியைத் தொடாதே. கலர் பெட்டியில் அது 25,000 வோல்ட், கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கும்.

காகிதப்பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், இயந்திரத்தில் தொங்கும் பட்டியலில் எண்ணைப் பார்த்து, சொன்னபடி குமிழ்களைத் திருப்பி, பொருத்தமான குழியில் செருகி, சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். முள் பச்சையில் நின்றால் நல்லது, சிவப்பில் நின்றால் கெட்டது. கீழே பூட்டிய அலமாரியில் புது வால்வு இருக்கும், கடைப்பையன் சாவியோடு வருவான். இயந்திரத்தை வைத்தவரே வால்வு விற்பவர் என்பதை மறக்கக்கூடாது. முள் எந்தப் பக்கம் கொஞ்சம் தாராளமாகச் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். பெட்டிக்குள் உயர் மின்னழுத்தத்தில் தளர்ந்துபோகும் வால்வு இங்கே சோதனைக்குத் தெம்பாக நிற்கும். கலர் பெட்டிகளில் அடிக்கடி மக்கர் செய்த 6ஜிஹெச்8ஏ போன்றவற்றுக்கு, புதிதைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

மலிவான கறுப்புவெள்ளைப் பெட்டிகளில் வால்வுகளின் இழைகளெல்லாம் ஒரே சரமாகக் கோத்திருக்கும், திருவிழா சீரியல் விளக்கு மாதிரி. ஒன்று போனால் எல்லாம் இருட்டு. பெட்டி உயிரில்லாமல் கிடந்தால் எல்லா வால்வையும் சோதிக்க வேண்டும். விலை உயர்ந்த பெட்டியில் கோளாறே இடத்தைக் காட்டிவிடும். திரை நடுவே ஒரே கிடைக்கோடு என்றால் படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் செங்குத்துப் பிரிவு. சத்தம் இருந்து படம் இல்லையென்றால் பெரும்பாலும் பக்கவாட்டில் விரிக்கும் கிடைப் பிரிவு அல்லது உயர் மின்னழுத்தம். திரை மூலையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டு படிந்தால் வால்வை நோண்டாதே, யாரோ பக்கத்தில் வாக்குவம் கிளீனர் ஓட்டியிருப்பார்கள், அதன் மோட்டார் உள்ளிருக்கும் இரும்புத் தகட்டைக் காந்தமாக்கியிருக்கும். முகமெல்லாம் பச்சையாகத் தெரிந்தால் அது அந்த நாட்டு ஒளிபரப்பு முறையின் பிறவிக் குணம். சேனல் மாற்றும்போதெல்லாம் எழுந்துபோய் நிறக் குமிழைத் திருக வேண்டியதுதான். 1967-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் பெரிய கலர் பெட்டிகள் பலவற்றிலிருந்து எக்ஸ் கதிர் கசிவதாக அறிவித்தது. மறுவருடமே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

இந்தப் பெட்டியில்தான் மாலைச் செய்தி. அரை மணி நேரம், விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் போல. வியட்நாமில், சைகோனில் எடுத்த பிலிம் விமானத்தில் ஏறி, கழுவி, வெட்டி ஒளிபரப்பாவதற்குள் ஓரிரண்டு நாள் பழையதாகிவிடும். வியாழக்கிழமை தோறும் அந்த வாரம் போரில் இறந்த அமெரிக்க வீரர் எண்ணிக்கை வரும். 1968-இல் மட்டும் 16,000-க்கும் மேல். அந்த வருடத்துச் செய்திகளை வரிசையாகச் சொன்னாலே மூச்சு வாங்கும்: ஜனவரிக் கடைசியில் வியட்நாமில் கம்யூனிஸ்டுகள் நடத்திய டெட் தாக்குதல், பிப்ரவரி 27-இல் போர் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று டிவி செய்தியாளர் வால்டர் கிராங்கைட் சொன்னது, மார்ச் 31-இல் மறுபடி போட்டியிடமாட்டேன் என்ற ஜனாதிபதி ஜான்சன், ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் கொலை, ஜூனில் ராபர்ட் கென்னடி கொலை, ஆகஸ்டில் சிகாகோவில் போர் எதிர்ப்பாளர்கள்மேல் தடியடி, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு நிலவைச் சுற்றிய அப்பல்லோ 8.

1968 ஜனவரியில் கடிதத் தபால்தலை 5 சென்டிலிருந்து 6 சென்ட் ஆனது. வியட்நாமிலிருந்த வீரருக்குத் தபால்தலை வேண்டாம். உறையின் மூலையில் கையால் 'இலவசம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும். போர்முனைப் படி மாதம் 65 டாலர், அந்த 400 டாலர் கலர் டிவிக்கு ஆறு மாதப் படி.

யார் போருக்குப் போவது என்பதை 1969 டிசம்பர் 1 அன்று டிவியிலேயே சீட்டுக் குலுக்கிக் காட்டினார்கள். 366 நீலக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி, 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களுக்கு. முதலில் வந்தது செப்டம்பர் 14. அதற்கு எண் 1, அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கே முதல் அழைப்பு, மற்றவர்களுக்கும் இதே வரிசையில். கோளாறு குலுக்கலில்தான். ஜனவரிக் குப்பிகளை முதலில் போட்டு, பிறகு பிப்ரவரி என்று மாத வரிசையில் பெட்டிக்குள் போட்டுக் கலக்கினார்கள், அரைகுறையாக. கடைசியாக விழுந்த மாதங்கள் சீக்கிரம் கைக்குச் சிக்கின. ஒழுங்காகக் கலந்திருந்தால் எந்த மாதத்துக்கும் சராசரி எண் 183 அளவில் வர வேண்டும். டிசம்பரில் பிறந்தவர்களுக்கு வந்த சராசரி 121. கடைசியில் 195 வரை அழைத்தார்கள். மறுவருடம் ஜூலையில் இரண்டு உருளைகள் வைத்தார்கள். ஒன்றில் தேதி, மற்றதில் எண்.